சாவியை எடுத்த பிறகும்

மாரியூரில் பெரியய்யா வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் கார் போய் நின்றபோது, துக்கத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அழுகையை விட்டுவிட்டுக் காரைப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தக் கார் மேல் எனக்கு எப்போதுமே எரிச்சல்தான்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை பூமயிலின் புருஷன் சேதுராமன். திருப்புல்லாணியில் உரக்கடை வைத்திருக்கிறார். கீழக்கரை ஹமீது சுல்தான் மறுபடி துபாய்க்குப் போனபோது விட்டுவிட்டுப் போன வண்டியைப் பிடித்துக்கொண்டார். பிரெஞ்சுக்காரன் செய்த டீசல் கார். நீல நிறம். அந்தக் கம்பெனி இந்தியாவில் கடையைக் கட்டி நாளாகிறது. ஒரு ரப்பர் வளையம் போனால்கூட மெட்ராஸில் ஆள் பிடிக்க வேண்டும். அதில் இண்டிகேட்டர் இடது பக்கம், வைப்பர் வலது பக்கம். வேறு வண்டி ஓட்டிப் பழகிய மனிதர் ஒவ்வொரு வளைவிலும் வைப்பரைப் போடுவார். மழையே பார்க்காத சீமையில் அது காய்ந்த கண்ணாடியைக் கரகரவென்று தேய்க்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பல் கூசும். வாங்காதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டவன் நான். கேட்டால்தானே.

ஆனால் ஒரு விஷயத்தில் என் வாய் அடைத்துவிடும். பூமயிலுக்கு இரண்டு கரு கலைந்து போயிருந்தது. இரண்டாவது, டவுன் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில். இப்போது மூன்றாவது, நிறைமாதம். மதுரை டாக்டரம்மா, குலுங்காமல் கூட்டி வாருங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தக் கார் எந்தக் குழியில் விழுந்தாலும் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவளை அதில் மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் மாப்பிள்ளையின் கனவு. என் கனவும் அதுதான்.

அதற்குள் பெரியய்யா போய்விட்டார். எங்கள் அய்யாவின் அண்ணன், தனுஷ்கோடி. அய்யா செத்த பிறகு எங்கள் இருவரையும் வளர்த்தவர். நல்ல கனத்த உடம்பு, வாயில் எந்நேரமும் புகையிலை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் உடனே தூக்கம். யாராவது தட்டி, ஊர் வந்துவிட்டது என்று சொன்னால்தான் இறங்குவார்.

வயிற்றுப்பிள்ளைக்காரியின் புருஷன் பிணத்தின் பக்கம் போகக்கூடாது என்று மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மாலையும் பன்னீரும் வாங்க நாங்கள் இருவரும் சாயல்குடிக்குப் போவதாகப் பேச்சு. நான் கயிறு தேடி வீட்டுக்குப் பின்பக்கம் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு வெயிலில் நின்று நின்று பொறுமை போய்விட்டது. எஞ்சினைப் போட்டார். நான் உள்ளே இருப்பதாக நினைத்து, திறந்து கிடந்த வாசலைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"வாங்க, நேரமாச்சு. ஏறுங்க, போவோம்."

பின்பக்கம் இருந்த எனக்கு அது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஒப்பாரி அறுத்துவிட்ட மாதிரி நின்றிருந்தது.

நான் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தேன். கூடத்திலிருந்த பெண்கள் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியய்யாவின் சம்சாரம் கருத்தம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"யார ஏறச் சொன்னீக?"

"மச்சானத்தான்."

"அவன் இங்கன இல்லையே."

அவ்வளவுதான் சொன்னார். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

சாயல்குடிக்குப் போகும் வழியெல்லாம் வண்டி இழுக்கவில்லை. மாப்பிள்ளை மிதிக்கிறார், அது முக்குகிறது. கரும்புகை கக்குகிறது. டீசலில் தண்ணீர் கலந்துவிட்டான் என்று பங்க்காரனை வாயில் வந்தபடி திட்டினார். நான் முன் சீட்டில் இருந்தேன். புகையிலை வாசம் அடித்தது. துக்க வீட்டு வாசம் துணியில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையோடு திரும்பினோம். பெரியய்யாவை எடுத்தார்கள். நாலு பேர் தோள் கொடுக்கிறோமே, எப்படிக் கனக்கப்போகிறதோ என்று பயந்துகொண்டுதான் நானும் தோள் கொடுத்தேன்.

எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னண்ணே இது. பஞ்சு கணக்கா இருக்காரு."

வீடு திரும்பியதும் நாங்கள் இருவரும் கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் படியேறினோம். கார் முழுகவில்லை. அதை யார் நினைத்தது?

முழுகுவதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. மாப்பிள்ளை வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தார். எஞ்சின் நிற்கவில்லை. சாவியைத் திரும்பப் போட்டுத் திருகிப் பார்த்தார். வெளியே எடுத்தார். அது தன் பாட்டுக்கு டுக்குடுக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்ச்சைப் படாரென்று விட்டுத்தான் அதைச் சாகடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் ராமநாதபுரத்தில் மெக்கானிக் மஹ்மூதிடம் கொண்டுபோனோம். டீசலை அடைக்கும் வால்வு போய்விட்டது என்றார். மெட்ராஸிலிருந்து வால்வு வரவழைத்து மாட்டினார். நிற்கவில்லை. வயரிங் செய்கிறவன் நான், கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கோளாறு இருந்தால் திட்டலாம். இல்லாத கோளாறை என்ன செய்வது?

பின்பக்கம் இடதுபுறம் வண்டி தாழ்ந்திருப்பதை மஹ்மூது பார்த்தார். ஸ்பிரிங்கைக் கழற்றி அளந்தார். இரண்டும் ஒரே அளவு. மாட்டினார். மறுபடி தாழ்ந்தது.

"எனக்கு வெளங்கல, சார். பின்னால ஆள் உக்காந்த மாதிரில்ல இருக்கு," என்று கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். பிறகு, இனி இந்த வண்டியை இங்கே கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அவரோடு சண்டைக்குப் போனார்.

பூமயில் காருக்குள் ஏற மறுத்துவிட்டாள். கதவைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பெரியய்யா வாசம் அடிக்குது. நான் இதுல வரல."

"கழுவிட்டேன் புள்ள. சாம்பிராணி போட்டுட்டேன்."

"நீங்க போட்டீக. அவரு எறங்கலயே."

மாப்பிள்ளை கார் கதவை ஓங்கி அடித்துச் சாத்தினார். இவளுக்காகத்தானே வாங்கினேன், இவளுக்காகத்தானே ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்க இந்தச் சனியனைக் கட்டி மேய்க்கிறேன் என்று கத்தினார். கத்திக்கொண்டே அழுதுவிட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அன்றுதான் நான் சொன்னேன்.

"மாப்ள, நீங்க என்னையக் கூப்பிட்டீங்க. நான் அங்கன இல்ல. ஏறுங்கன்னு சொன்னது கூடத்துல கெடந்தவருக்குத்தான் கேட்டுச்சு."

அவர் காரின் பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மரியாதையாக் கூப்பிட்டீங்க. வந்துட்டாரு. இப்ப எறக்கி விட வேண்டியதுதான்."

செத்தவர்களை வழியனுப்ப எங்கள் பக்கத்தில் வேறெங்கே போவார்கள்? திருப்புல்லாணியிலிருந்து கூப்பிடு தூரத்தில் சேதுக்கரை. கடலில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, அவரவர் ஆட்களை அங்கே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். நானும் மாப்பிள்ளையும் போகிறோம் என்றேன். பூமயில் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க சொன்னா எறங்க மாட்டாரு. நான் தட்டிச் சொன்னாத்தான் எறங்குவாரு."

மதுரைக்கான பையையும் எடுத்துக்கொண்டாள். அவர் இறங்கியதும் அப்படியே காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று முடிவானது. நானும் அவளும் ஆட்டோவில் ஊர்ந்து போனோம். மாப்பிள்ளை முன்னால் காரில் தனியாகப் போனார். தனியாக என்று சொல்லக்கூடாதுதான்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் அது. முதல் நாள் அங்கே நிற்க இடம் இருந்திருக்காது. அன்று உச்சி வெயிலில் ஒரு ஈ காக்கை இல்லை. அனுமார் கோயில் நடை சாத்தியிருந்தது. கரை நெடுக வாழை இலைகள், தர்ப்பைப் புல், எள், முழுகியவர்கள் விட்டுப்போன ஈரத் துணிகள். காற்று அடித்தும் ஒரு துணிகூட அசையவில்லை. ஆட்டோக்காரன் காசை வாங்கியதும் நிற்காமல் போய்விட்டான்.

தார் ரோடு முடிகிற இடத்தில் கார் நின்றது. சாவி மாப்பிள்ளை கையில் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

பூமயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்ப் பின்கதவைத் திறந்தாள். காலி சீட்டின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பெரியய்யா. ஊர் வந்துருச்சு. எறங்குங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழுந்தது. கனத்த ஆள் கைப்பிடித்து இறங்கும்போது எழும்புமே, அப்படி.

எஞ்சின் நின்றது.

யாரும் தொடவில்லை. தானாக நின்றது. அலைச் சத்தம் அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது. மாப்பிள்ளை மணலில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பூமயில் மட்டும் கடலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நடந்தாள். முகம் கழுவட்டும் என்று நானும் கூடப் போனேன். பிள்ளை பிறந்தால் அவர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். வைப்போம் என்றேன்.

குனிந்து தண்ணீரை அள்ளியவள் அப்படியே இடுப்பைப் பிடித்தாள்.

"அண்ணே. வலி வந்துருச்சு."

நான் கையைத் தூக்கி ஆட்டினேன். மாப்பிள்ளை துள்ளி எழுந்து ஓடினார். சாவியைப் போட்டதும் எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. பதற்றத்தில் வண்டியைத் திருப்பினார், வைப்பர் கரகரவென்று ஓடியது, அதை நிறுத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கடல் காற்றில் எங்களுக்குக் கேட்க வேண்டும் என்று கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"வாங்க, வாங்க. எல்லாரும் ஏறுங்க. போவோம்."

எல்லாரும்.

நாங்கள் இரண்டே பேர். அந்த வார்த்தை ஏன் அவர் வாயில் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவசரத்தில் யாருக்கும் வருகிற வார்த்தைதான்.

எங்களுக்குப் பின்னால் கிடந்த ஈரத் துணிகள் அசைந்தன. காற்று கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது, அவை காற்றை எதிர்த்துக் கடல் பக்கம் திரும்பின. அவற்றின் மேல் யாரோ நடந்து போன மாதிரி.

நான் பூமயிலைத் தாங்கிக்கொண்டு நடந்தேன். எங்களுக்கு முன்னால் மணலில் குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் அந்தப் பக்கம் வரிசையாக. எதிலும் கால் விரல் தெரியவில்லை, ஈரம் மட்டும் இருந்தது. நான் அவள் கண்ணைப் பொத்தப் பார்த்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

கார் தாழ்ந்தது. பின்பக்கம் மட்டும் இல்லை, நாலு பக்கமும். டயர்கள் தார் ரோட்டின் ஓரத்திலிருந்து மணலுக்குள் அழுந்தின. மாப்பிள்ளை கதவைச் சாத்திவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எஞ்சின் அலறியது, சக்கரம் நகரவில்லை. வெயில் கொளுத்தும் உச்சிப்பொழுதில் கார்க் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமிருந்து பனித்துக்கொண்டு வந்தன. அடைசலான பஸ்ஸில் மழைக்காலத்தில் பனிக்குமே, அந்த மாதிரி. மாப்பிள்ளையின் முகம் அதற்குப் பின்னால் மங்கி, நிழலாகத் தெரிந்தது.

"மாப்ள, எறங்குங்க," என்று கத்தினேன்.

அவர் கதவைத் திறக்க முயல்வது தெரிந்தது. ஆனால் கையை அசைக்க இடமில்லாதவர் மாதிரி நெளிந்தார்.

பெரியய்யா எங்கள் ஆள். பெயர் சொல்லித் தட்டினோம், இறங்கினார். இவர்கள் பெயரை நான் யாரிடம் போய்க் கேட்பது?

பூமயில் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு காரின் முன்கதவைத் திறந்தாள். பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருந்தது, நான் சத்தியமாகச் சொல்கிறேன். பின்சீட்டும் காலிதான். உள்ளேயிருந்து குளிர்ந்த ஈரத் துணி வாசம் முகத்தில் அடித்தது.

அவள் ஏறவில்லை. காலியான சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நெரிசலான பஸ்ஸில் கேட்பதைப் போல, மெதுவாக, பணிவாக, யாரிடமோ கேட்டாள்.

"நான் எங்கன உக்கார்றது?"

உள்ளே சீட்டு கிறீச்சிட்டது. அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.