கொல்லைக்குப் போனியா?

துபாயிலிருந்து ஷஹ்பாஸ் வருகிறான் என்றதும் ஹாஃபிஸாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாமா மகன். அவளைப் போலவே நான்காம் வகுப்பு. கோடை விடுமுறை முழுவதும் வலங்கைமானில் அவர்கள் வீட்டில்தான் இருக்கப் போகிறான்!

வந்தான். கூடவே ஒரு பெரிய பெட்டியும் வந்தது. பெட்டி நிறைய சாக்லேட், சிப்ஸ், பிஸ்கட், நூடுல்ஸ்.

"மாமி, எனக்குச் சோறு வேணாம். நூடுல்ஸ் போதும்" என்றான் முதல் நாள். மறுநாளும் அதையேதான் சொன்னான். ஹாஃபிஸாவின் அம்மா ஹலீமா, கீரையைக் கடைந்து வைத்துக்கொண்டு கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அண்ணன் பிள்ளையை அதட்டவும் மனம் வரவில்லை. கடைசியில், பாவம், அந்தக் கீரை முழுவதும் ஹாஃபிஸாவின் தலையில்தான் விடிந்தது.

ஒன்றை மட்டும் அம்மா விடவில்லை. தினமும் காலையில் கேட்டுவிடுவார்.

"தம்பி, கொல்லைக்குப் போனியா?"

"போனேன் மாமி!"

அம்மா நிம்மதியாக அடுப்படிக்குப் போய்விடுவார்.

நான்காம் நாள் காலை ஷஹ்பாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டான். சாக்லேட்டைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்தா மாமாவின் போன் வர வேண்டும்!

"வயித்து வலியா? அந்தத் தண்ணி ஒத்துக்கல போல. நாளைக்குச் சாயந்தரம் மறுபடி பேசறேன். சரியாகலேன்னா, நம்ம பக்கத்து வீட்டு நௌஷாத் வெள்ளிக்கிழமை இங்க வர்றான்ல, அவனோடயே பிள்ளைய அனுப்பிடு ஹலீமா" என்றார் மாமா.

குடமுருட்டி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் காட்டுவதாக ஹாஃபிஸா அவனிடம் சொல்லியிருந்தாள். அதற்குள் அனுப்புவதா?

அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "இன்னைக்குக் கொல்லைக்குப் போனியாப்பா?"

"போனேன் மாமி."

ஓமத்தண்ணீர் வைக்க அம்மா அடுப்படிக்கு ஓடினார். ஷஹ்பாஸ் முனகலாக மீதியைச் சொன்னான்: "ஆட்டுக்குட்டிக்குத் தழைகூடப் போட்டேன்."

ஹாஃபிஸா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தழையா?

"கொல்லையில நீ வேற என்ன பண்ணினே?"

"கோழி முட்டை போட்டிருக்கான்னு பாத்தேன். மாமி தினமும் கேக்கறாங்களேன்னுதான் போறேன். ஆடுன்னா மாமிக்கு அவ்வளவு பிரியமா?"

ஹாஃபிஸாவுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே! உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். வலியில் துடிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கலாமா? அவனும்தான் என்ன செய்வான்? துபாயில் ஐந்தாவது மாடி வீட்டில் கொல்லை ஏது, கோழி ஏது?

அவன் காதருகே குனிந்தாள். "மக்கு! இந்த ஊர்ல கொல்லைக்குப் போறதுன்னா கக்கூசுக்குப் போறது."

ஷஹ்பாஸின் முகம் சிவந்துவிட்டது.

"வந்ததுலேர்ந்து நீ போகவே இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினான். "யார்கிட்டயும் சொல்லிடாதே, ப்ளீஸ்."

"அல்லா மேல ஆணையா சொல்ல மாட்டேன்."

ஹாஃபிஸாவுக்கு இது புதிதல்ல. போன பெருநாளில் கறியும் பலகாரமுமாகத் தின்று அவளும் இதே பாடு பட்டிருக்கிறாள். அப்போது அம்மா என்ன கொடுத்தார் என்பது நன்றாக நினைவிருந்தது. துரட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். நிஜமான கொல்லைக்குத்தான்! அங்கே பப்பாளி மரத்தில் ஒரு பழம் மஞ்சளாகப் பழுத்திருந்தது.

அதைப் பறித்து, அம்மாவிடம் கொடுத்து நறுக்கி வாங்கி வந்தாள்.

"உவ்வே, வாசனையே பிடிக்கல."

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கு. பப்பாளி திங்கிறியா, நௌஷாத் அண்ணனோட பிளேன் ஏறுறியா?"

முதல் துண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு போயிற்று. மூன்றாவது துண்டுக்கு மூக்கை விட்டுவிட்டான்.

"இது எப்படி வயித்தைச் சரி பண்ணும்?"

"இதுல நார் இருக்கு. டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி, 'நகரு, நகரு'ன்னு எல்லாத்தையும் தள்ளிக்கிட்டே போகும். உன் பெட்டியில இருக்கறதுல கண்டக்டரே கிடையாது. ஏறினது எல்லாம் அப்படியே நிக்குது!"

ஷஹ்பாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். அன்று முழுவதும் ஹாஃபிஸா அவனை விடவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க வைத்தாள். இரவில் சோறும் கீரையும் சாப்பிட்டு, மேலே ஒரு பூவன்பழமும் தின்றான். அம்மாவால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

மறுநாள் காலை கொல்லைக் கோடியில் ஒரு கதவு படாரென்று திறந்தது. ஷஹ்பாஸ் குதித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"மாமி, கொல்லைக்குப் போனேன்!"

"அதான் தினமும் போறியேப்பா."

"இல்ல மாமி, இன்னைக்குத்தான் நிஜமா போனேன்!"

அம்மா திருதிருவென்று விழித்தார். ஷஹ்பாஸே எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டான். அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ஹாஃபிஸா தலையில் அடித்துக்கொண்டாள். ரகசியத்தைக் காப்பாற்ற அவள் மட்டும் ஆணையிட்டு என்ன பிரயோசனம்!

சாயந்தரம் போன் மணி அடித்ததும் ஷஹ்பாஸ்தான் முதலில் பாய்ந்து எடுத்தான். "அத்தா, எனக்குச் சரியாப் போச்சு! நான் லீவு முடிஞ்சுதான் வருவேன்!" என்று கத்தி, பப்பாளிக் கதை முழுவதையும் சொன்னான். அந்தப் பக்கம் மாமா சிரிப்பது ஹாஃபிஸாவுக்கே கேட்டது. பிறகு மாமா குரலைத் தாழ்த்தி என்னவோ சொன்னார்.

ஷஹ்பாஸ் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"ஹாஃபிஸா, நௌஷாத் அண்ணன் பெட்டியில ரெண்டு பப்பாளி வச்சு அனுப்ப முடியுமா? அங்க அத்தாவும் மூணு நாளா ஆட்டைத்தான் பாத்துக்கிட்டு இருக்காராம்!"