உரியும் உள்ளங்கை

"ஐயோ...! என் புருஷனை யாரோ கொன்னுட்டாங்க!"

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியே அதிர்ந்தது.

வேறு கேஸுக்காகக் கீழே வந்திருந்த இன்ஸ்பெக்டர் படியேறி ஓடினாள்.

கட்டிலில் ஒரு கொத்தனார், பிணமாக. தரையில் கதறும் மனைவி. ஈரல் புற்றுநோய்க்குப் புது மருந்தைச் சோதித்துப் பார்க்கும் வார்டு அது.

"நோய் முத்திடுச்சு, போயிட்டான்," என்றார் டாக்டர், கொட்டாவியை அடக்கியபடி. "இதுக்கெல்லாமா போலீஸ்?"

அந்தக் கொட்டாவியே இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை.

குனிந்தாள். பிணத்தின் கண்களில் ரத்தப் புள்ளிகள். காலடியில் கசங்கிய தலையணை. இறுக மூடிய வலது கை...

விரல்களைப் பிரித்தாள்.

ஒரு வெள்ளைப் பட்டன்!

டாக்டரின் கோட்டில் ஒரு பட்டனைக் காணோம்.

"கோட்டைக் கழட்டுங்க டாக்டர்."

பாக்கெட்டிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டி உருண்டது. கொத்தனாரின் பெயர் ஒட்டிய புட்டி!

டாக்டர் நாற்காலியில் சரிந்தார்.

"எனக்கும் ஈரல்லதான் மேடம்... ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னாங்க. அடுத்தவன் வயித்துல கத்தி வெச்சா என் கை நடுங்காது. என் வயித்துலன்னா..."

"அதனால இவர் மருந்தைத் திருடித் தின்னீங்க!"

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு எங்களுக்கே சொல்ல மாட்டாங்க. ஆனா மருந்து வேலை செஞ்சா உள்ளங்கை சிவந்து உரியும். வார்டுலேயே இவனுக்கு மட்டும்தான் உரிஞ்சுது! மாசக்கணக்கா, மாத்திரை வாங்க வர்றப்பல்லாம் இவனுக்கு மாவைக் குடுத்துட்டு, இவன் மாத்திரையை நான் சாப்பிட்டேன். இன்னிக்குப் புட்டியை மாத்துறப்ப முழிச்சுட்டான்..."

"அமுக்கிட்டீங்க."

"எப்படியும் சாகப்போறவன்தானே!"

சீ! இன்ஸ்பெக்டர் எத்தனையோ கொலைகாரர்களைப் பார்த்தவள்தான். நோயாளி வாயிலிருந்து மருந்தைப் பிடுங்கித் தின்றுவிட்டு நியாயமும் பேசுகிற ஜென்மத்தை இன்றுதான் பார்க்கிறாள்.

"அம்மா... அந்த மருந்து கிடைச்சிருந்தா என் வீட்டுக்காரர் பொழச்சிருப்பாரா?" என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் பிணத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் சுருள் சுருளாக உரிந்திருந்தது.

"டாக்டர்... மாசக்கணக்கா மாவு தின்னவருக்கு இன்னும் எப்படிக் கை உரியுது?"

டாக்டர் எழுந்து வந்து பிணத்தின் கையைப் பார்த்தார்.

"அது சிமெண்டும்மா!" என்றாள் மனைவி. "போன வாரம் இங்க வந்து படுக்குற வரைக்கும் கலவை அள்ளின கை. கல்யாணமான நாள்லேருந்து உரியுது. இந்த டாக்டர் ஒரு வார்த்தை கேட்டாரா?"

"உங்க கையைக் காட்டுங்க டாக்டர்."

வழவழவென்று, கைக்குழந்தையின் கை மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் மருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஆள் இறந்துவிட்டதால் ரகசியத்தை உடைத்தார்கள்.

கொத்தனாருக்கு வந்தது ஆரம்பம் முதலே வெறும் மாவு!

"ஐயோ... இத்தனை மாசத்துல கட்டி பெருசாயிருக்குமே!" டாக்டர் அலறினார். "இனிமே ஆபரேஷனும் பண்ண முடியாதே! நான் தின்னது...?"

"கவலையை விடுங்க டாக்டர். மாவுக்குப் பக்க விளைவே கிடையாது..."

க்ளிக்! விலங்கு பூட்டிக்கொண்டது.

"...இதைத் தவிர!"