ஆள் இருக்கும் கரைக்கே ஆறு

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வடகால் தெருக்காரர்கள் பாயும் காபி பிளாஸ்க்குமாகக் கரைக்கு வந்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். தூண்களில் உள்ள வெப்பக்கண்கள் உடற்சூட்டை வைத்து ஆட்களை எண்ணிக்கொள்ளும். அவர்கள் எதிரே கிடந்ததோ வறண்ட கான்கிரீட் படுகை.

கூவம் தெளிந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் பேட்டையைச் சுற்றும் வடகால், தென்கால் என்ற இரண்டு கால்வாய்களிலும் ஓடுமளவு தண்ணீர் இல்லை. எந்தக் கரையில் கூட்டம் அதிகமோ, அந்த வாரம் அந்தப் பக்கம் மதகு திறக்கும். நான்கு மாதங்களாகத் தென்காலே ஜெயித்துக்கொண்டிருந்தது.

வடகால் தெரு அல்லிக்குத் தண்ணீர் பெரிதில்லை. முப்பது வருடத் தோழி ரெஜினா, மகளோடு தென்கால் தெருவுக்குக் குடிபோயிருந்தாள். பக்கவாதத்தில் வலது கால் விழுந்த அவளால் இடுப்பளவு தண்ணீரில் மட்டும் நடக்க முடியும். ஒருநாள் அல்லி பாலத்தின் மேலிருந்து பார்த்தாள். பிரமிளா என்ற புதுத் தோழி ரெஜினாவின் கையைப் பிடித்து ஆற்றில் நடத்திக்கொண்டிருந்தாள். ரெஜினா வாய்விட்டுச் சிரித்தாள். அல்லிக்கு வயிறு எரிந்தது. அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்று மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு ஞாயிறு, பன்னிரண்டு தண்ணீர் கேன்களில் உடற்சூட்டுக்கு வெந்நீர் நிரப்பி, புடவை சுற்றி, பாலத்தடியில் வரிசையாக வைத்தாள். வடகால் ஏழு ஆள் வித்தியாசத்தில் ஜெயித்தது.

மதகு திறந்ததும் தெருவே ஆற்றில் இறங்கிக் கும்மாளமிட்டது. அல்லியும் இறங்கினாள். தண்ணீர் இடுப்பைத் தொட்டபோதுதான் ரெஜினாவின் நடை நினைவுக்கு வந்தது. முன்பே நினைக்கவில்லையா, நினைத்துத்தான் செய்தோமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

புதன்கிழமை பிரமிளா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வடகால் கரைக்கு வந்தாள். அதில் ரெஜினா.

"இன்னாடி அல்லி, மரம் மாதிரி நிக்கிற? கையப் புடி. மூணு நாளா நடக்கல, காலு மரத்துப் போச்சு."

ஒரு கையைப் பிரமிளா பிடித்தாள், மறு கையை அல்லி. தண்ணீரில் இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் அல்லி உடைந்துவிட்டாள்.

"நான்தான் ரெஜினா. கேன்ல வெந்நீர் ஊத்தி..."

"தெரியும். எங்க பால்கனியிலேருந்து பாலத்தடி நல்லாத் தெரியுது."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உன்ன ஒரு வருஷம் கரைப்பக்கம் விடமாட்டாங்க." ரெஜினா நின்று மூச்சு வாங்கினாள். "ஆத்த எடுத்துக்கினு போனதுகூடப் பரவால்ல. மூணு மாசம் எட்டிப் பாக்கலையேடி."

"தினமும் இவங்களுக்கு உங்க பேச்சுதான்கா," என்றாள் பிரமிளா அல்லியிடம். அதற்கும் அல்லிக்குச் சுருக்கென்றது.

அடுத்த ஞாயிறு அல்லி பாயைச் சுருட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். "எங்கக்கா போற? இங்க ஆள் பத்தல!" என்று வடகால் பெண்கள் கத்தினார்கள். அவள் திரும்பவில்லை. வறண்டு கிடந்த தென்கால் கரையில், ரெஜினாவுக்கும் பிரமிளாவுக்கும் நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்று தென்கால் ஜெயித்தது. வடகால் தெருவில் ஒரு மாதம் யாரும் அல்லியோடு பேசவில்லை.