முத்தாலம்மாள் முறை

டீசல் வாசனை வரவேண்டிய இடத்தில் கிணற்று வாசனை வந்தது. எத்திராஜ் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டாயிரம் லிட்டரை முதுகில் சுமந்து நிற்கிற லாரியில் தண்ணீர் வாடை வராமல் மல்லிகையா மணக்கும்? ஆனால் இது பின்னாலிருந்த டேங்கரிலிருந்து வரவில்லை. பாசியும் சேறும் செத்த தவளையும் கலந்த குளிர்ந்த வாடையாக, அவன் சாவியைத் திருப்பும்போதெல்லாம் காலடியிலிருந்து, இன்ஜின் மூடியின் இடுக்கு வழியாக, முகத்துக்கு ஏறி வந்தது.

மறுபடி திருப்பினான். செல்ஃப் நன்றாகவே எடுத்தது. இன்ஜின் ஊர்ர் ஊர்ர் என்று சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பற்றவில்லை. சாவியை விட்டதும், அது ஓய்கிற கடைசி நொடியில், உள்ளே எங்கோ 'மடக்' என்றது. தாகத்தில் தவித்தவர் சொம்பைக் கவிழ்த்துக் குடிக்கும்போது தொண்டையில் எழுகிற சத்தம்.

மணி ஒன்று. இரண்டாயிரத்து நாலாம் வருஷத்துக் கத்திரி வெயில். தாம்பரத்துக்குக் கிழக்கே ஏரிகளெல்லாம் பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடமாகிவிட்டன. அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் அடிக்கிற லாரிகள் அகரம்தென் பக்கத்து வயல் கிணறுகளை ஒவ்வொன்றாக உறிஞ்சிவிட்டு, அடுத்ததைத் தேடி அலைந்தன. லாரி நிற்கிற இந்தக் கிணற்றின் பங்காளி தசரதன் மோட்டாரைப் போட்டு லாரியை நிரப்பிவிட்டு, பைக்கில் ஏறிச் சாப்பிடப் போய்விட்டான். சுற்றிலும் வெடித்துக் கிடந்த கத்திரிக்காய் வயல். காக்கை கூட இல்லை.

இரும்புலியூரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஐசக்குக்கு மிஸ்டு கால் கொடுத்தான். அவர் திருப்பிக் கூப்பிட்டார்.

"இன்னாடா எத்திராஜு, செல்ஃப் எடுக்குதா?"

"சூப்பரா எடுக்குதுண்ணா. ஸ்டார்ட்டுதான் ஆவல."

"அப்போ டீசல் போவல. டேங்க்ல டீசல் கீதா, இல்ல அதையும் நீயே ராவா அடிச்சிட்டியா?"

"காலைலதான் ஊத்தினேன். பேஜார் பண்ணாதண்ணா, இங்க தனியா மாட்டிகினு கீறேன்."

"சரி, அழுவாத. ஃபில்டர் மேல ஒரு நட்டு கீது பாரு, அத லூஸ் பண்ணி கை பம்ப்ப அடி. நுரையா வந்தா உள்ள ஏர் பூந்துகீதுனு அர்த்தம். நுரை நின்னு சுத்தமா டீசல் வர்ற வரைக்கும் அடி. லைன்லயே இரு."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நட்டைத் தளர்த்தி, கை பம்பை அழுத்தினான். நுரை வரவில்லை. டீசலும் வரவில்லை. தெளிந்த, பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர் பீறிட்டு அவன் விரல்களில் வழிந்தது. கை வைக்க முடியாத சூட்டில் கொதிக்கிற இன்ஜினுக்குப் பக்கத்தில் ஐஸ் தண்ணீர். நாலு அடி, அஞ்சு அடி. பிறகு கலங்கலாக. அதோடு ஒரு மயிர் வந்து விரலில் சுற்றிக்கொண்டது. நீளமாக, நரைத்து. அவன் கையை உதறினான். போகவில்லை. பேண்ட்டில் தேய்த்தான்.

"தண்ணி வருதுண்ணா."

"தண்ணியா? எவனோ பங்க்குல கலந்துட்டான். அது கெடக்கட்டும், பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லியே."

"பொம்பள கொரல் கேக்குதுடா. ஒரு குடம், ஒரு குடம்னு சொல்லுது பாரு. பன்னெண்டாயிரம் லிட்டர் வெச்சிகினு ஒரு குடம் குடுக்க மாட்டியா? நல்ல ஆளுய்யா நீ."

எத்திராஜ் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். வயல். வெயில். பம்ப் செட் சுவர். அதன் பக்கத்தில் கிணற்றின் விளிம்பு.

ஒரு குடம். அதைத்தான் அவள் கேட்டாள்.

பதினேழு நாளைக்கு முன்னால். பங்குக் கிணறு இது. வாரத்தில் நாலு நாள் தசரதன் முறை, மூன்று நாள் அவன் செத்துப்போன அண்ணனின் பெண்சாதி முத்தாலம்மாள் முறை. தசரதன் ஏழு நாளும் லாரிக்கு விற்றான். அவள் கத்தினாள். லாரிக்கு முன்னால் படுத்தாள். எத்திராஜ் அவள் காலைப் பிடித்து இழுத்து வரப்பில் போட்டுவிட்டு, அன்றைக்கும் தண்ணீர் ஏற்றினான். அடுத்த தடவை அவன் வந்தபோது, அவள் பம்ப் செட்டு விட்டத்தில் தாம்புக் கயிற்றைக் கட்டி, பாதியோடு இடிந்துபோன படிகளைத் தாண்டி உள்ளே இறங்கி, உறிஞ்சுகிற குழாயின் வாயில் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசுக்காரி. முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

அவன் கயிற்றை மேலே இழுத்துக்கொண்டான்.

"தம்பி, கயிற வுடுப்பா. இன்னிக்கு என் முறை. மாட்டுக்கு ஒரு குடம் எடுத்துக்கினு போயிடறேன்."

இறக்கினான். அவள் விரல் பட்டதும் ஒரு சாண் இழுத்தான். மறுபடி இறக்கினான், மறுபடி இழுத்தான். மூன்று தடவை. அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. அண்ணாந்து, "ஒன் வவுறு காஞ்சி போவ, ஒனக்கும் ஒரு நாள் வரும்டா" என்றாள். அதில்தான் அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. வேறு கிணற்றில் பாதி ஏற்றிக்கொண்டு வந்து ரோட்டோரத்தில் நிறுத்தியிருந்த லாரியை விளிம்பு வரை ரிவர்ஸ் எடுத்து, பின்பக்கத்து வால்வை முழுக்கத் திறந்துவிட்டான். "தண்ணிதான வோணும்? இந்தா, குடி." நாற்பதடி உயரத்திலிருந்து அது அவள் தலைமேல் இறங்கியது. டேங்கர் காலியானபோது கிணற்றுக்குள் சாக்கு மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

கால் தவறி விழுந்துட்டா என்றான் தசரதன். ஆமாம் என்றான் எத்திராஜ். அதோடு முடிந்தது. பதினாறாம் நாள் காரியம் நேற்று ஆனது, இன்றைக்கு மோட்டார் ஓடியது. கயிறு நல்ல கயிறு. வீணாக்க மனசில்லாமல் எடுத்துவந்து லாரியின் ஹோஸைக் கட்ட வைத்துக்கொண்டான்.

"எத்திராஜு! தூங்கிட்டியா?"

"சொல்லுண்ணா."

"டேங்க் அடியில ஒரு நட்டு கீது. கீழ படுத்து அதக் கழட்டு. தண்ணி பூரா வடிஞ்சிடும். அதுக்கப்புறம் டீசல் வரும், மூடிடு."

ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பாதை கிணற்றை ஒட்டித்தான் போகிறது. லாரிக்குள் உட்கார்ந்து கடப்பது வேறு. காலால் நடந்து, அந்த விளிம்போரமாகப் போவது வேறு. தவிர, செத்தவளுக்குப் பயந்து வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான் என்று நாளைக்கு ஷெட்டில் சிரிப்பார்கள். பெரிய ஸ்பேனரை எடுக்கப் பின்பக்கம் போனான். காலையிலிருந்து வெயிலில் காய்ந்து முறுகியிருக்க வேண்டிய கயிறு, சொட்டுச் சொட்டாக மண்ணில் வடித்துக்கொண்டிருந்தது.

பார்க்காத மாதிரி திரும்பிவிட்டான். சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். பக்கவாட்டில் தொங்கும் டீசல் டேங்குக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, இடுப்புவரை நுழைந்து, போனைக் காதோரம் மண்ணில் வைத்து, நட்டைக் கழற்றினான்.

தண்ணீர்.

கையில் கொட்டி, கழுத்தில் இறங்கி, முதுகுக்குக் கீழே பரவியது. வயலின் வெடிப்புகள் அதைக் குடித்தன. மடக். மடக். மடக். அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். காலையில் ஊற்றியது முப்பது லிட்டர். முப்பது எப்போதோ தாண்டிவிட்டது. நூறும் தாண்டியிருக்கும்.

"இன்னும் தண்ணிதாண்ணா வருது."

"வரட்டும். டீசல் வர்ற வரைக்கும் மூடாத."

நட்டைத் திரும்ப வைக்கப் பார்த்தான். தண்ணீரின் வேகம் அதைத் தள்ளிவிட்டது. முதுகுக்குக் கீழே மண் கூழானது. இது அவள் வயல். உழுது உழுது பதமாக்கிய மண். பின்சக்கரம் மெல்லப் புதைகிற சத்தம் கேட்டது, சேற்றிலிருந்து காலை எடுப்பதற்கு நேர்மாறான சத்தம். லாரி அவன் பக்கமாகச் சாய்ந்தது. டேங்க் இறங்கி நெஞ்சைத் தொட்டது.

தொட்டது மட்டும்தான். நகர்ந்துவிடலாம் என்று குதிகாலை ஊன்றினான். கால் வழுக்கியது.

இன்னும் ஒரு விரல் இறங்கியது. மூச்சு பாதிதான் போனது.

"அண்ணா." சத்தம் வரவில்லை.

மேலே, கேபினில் கதவு சாத்தப்பட்டது. சாவி அவன் பையில், தொடையோடு அழுந்திக்கொண்டிருந்தது. ஆனாலும் செல்ஃப் எடுத்தது. ஊர்ர். ஊர்ர். லாரி முழுக்க நடுங்கியது. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் டேங்க் ஒரு நூலளவு இறங்கியது. பற்றவில்லை. யாரும் பற்றவைக்கப் பார்க்கவில்லை. சும்மா சுற்றினார்கள்.

மடக்.

"ஹலோ? எத்திராஜு? அந்தம்மா ஏண்டா சிரிக்குது?" என்றார் ஐசக். பிறகு போனுக்குள் தண்ணீர் போனது.

காது நனைந்தது. கன்னம் நனைந்தது. ஒரு கை மட்டும் வெளியே வெயிலில் கிடந்தது. விரல்களை அசைக்க முடிந்தது. தலையை அந்தப் பக்கம் திருப்பினான்.

வெளிச்சத்தில் கயிறு இறங்கிக்கொண்டிருந்தது. தாம்புக் கயிறு. ஈரமாக. மேலே அது எதில் கட்டியிருக்கிறது என்று படுத்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. நுனி மண்ணைத் தொட்டு நின்றது. எட்டுகிற தூரம்.

விரல் பட்டது. ஒரு சாண் மேலே போனது.

மறுபடி இறங்கியது. நார் உள்ளங்கையில் உரசியது. மூடினான். வெறும் கை.

மறுபடி.

தண்ணீர் கீழுதட்டுக்கு வந்துவிட்டது. நல்ல தண்ணீர். இனிப்பாகக்கூட இருந்தது.

அவன் மூன்று தடவைதான் செய்தான். கயிறு நாலாவது தடவையும் இறங்கி, அவன் விரலுக்கு நேராக, பொறுமையாக நின்றது.