சிவப்பு ரப்பர் போட்ட கட்டு

இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்த நாச்சியாரின் காலடியில் அந்தக் கட்டு வந்து விழுந்தது. சிவப்பு ரப்பர் பேண்ட் அறுந்து, சிறு அட்டைகள் அடுப்படி முழுக்கச் சிதறின.

"பிள்ளைக்க தலகாணிக்கு அடியில கெடந்துச்சு... இது உங்க கையெழுத்துதானேக்கா? இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்!"

பொன்னம்மைக்கு மூச்சு வாங்கியது. அவள் நாச்சியாருக்குக் கொழுந்தன் மனைவி. பத்தொன்பது வருடமாக ஒரே அடுப்பில் சமைக்கிறவள். அவள் மகள் ஸ்ரீப்ரியாவுக்கு இன்று பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பரீட்சை.

நாச்சியார் ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தாள். 'ஸ்கர்வி: வைட்டமின் டி குறைவால் வருவது.'

"என் கையெழுத்துதான்."

"கேட்டேளா! ஒத்துக்கிட்டாவ!"

கொழுந்தன் கோலப்பன் பாடப் புத்தகத்தோடு வந்தான். "பத்துச் சீட்டை புஸ்தகத்துல ஒத்துப் பாத்தேன் மயினி. பத்தும் தப்பு. ஒண்ணு ரெண்டு கைப்பிசகும். பத்துமா?"

கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கிய கையோடு இந்த வீட்டுக்கு வந்தவள் நாச்சியார். டிசம்பரிலிருந்து அவள்தான் ஸ்ரீப்ரியாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மாலைக் காப்பி முடிந்ததும் அட்டைகளை வைத்துக்கொண்டு க்விஸ் நடக்கும். சரியான விடைகள் பச்சை ரப்பர் போட்ட கட்டில். சிவப்பில் இருப்பது தப்பு விடைகள் மட்டும். ஒவ்வொன்றையும் எடுத்து, அது ஏன் தப்பு என்று பிள்ளை சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் அவள் மகன் ஜெயந்த் இதே பரீட்சையில் தோற்றான். விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தபோது அதில் ஒரு கேள்விகூட விடுபட்டிருக்கவில்லை. அத்தனை தப்பையும் சரி என்று நம்பி, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தான் பாவி. அந்தத் தாளைப் பார்த்த அன்று அவள் கண்டுபிடித்த வழி இது.

"அது தப்பு விடைக் கட்டு பொன்னம்மை. எது தப்புன்னு தெரிஞ்சாத்தான்..."

"தப்பைப் படிச்சுப் பாஸானவ உலகத்துல உண்டா? உங்க மவன் தோத்து மொபைல் கடையில இருக்கான். எம் மவளும் அங்கன போயி இருக்கணும், அதானே? ரீசார்ஜ் பண்ண ஆள் போதலையோ!"

நாச்சியார் கையிலிருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"இம்புட்டுத் தப்பு எங்கேருந்து கிட்டிச்சு மயினி?" என்றான் கோலப்பன். "உக்காந்து யோசிச்சு எழுதினேளா? அதைச் சொல்லுங்க!"

அதைத்தான் சொல்ல முடியாது. வாசல் நிலையருகே சீருடையில், பாதி பின்னிய சடையோடு ஸ்ரீப்ரியா நின்றிருந்தாள். அவ்வளவும் அவள் மாடல் பரீட்சையில் எழுதிய தப்புகள். அறுபதுக்குப் பதிமூன்று. பேப்பர் இன்னும் தரவில்லை என்று வீட்டில் பொய் சொல்லியிருந்தாள். 'அப்பா அறிஞ்சா என்னை அடிச்சே கொன்னுடுவாவ பெரியம்மா' என்று மடியில் விழுந்து அழுதவளுக்கு நாச்சியார் வாக்குக் கொடுத்திருந்தாள்.

பிள்ளை ரிப்பனைப் பிடித்தபடி நாச்சியாரையே பார்த்தாள். மணி எட்டு. இப்போது சொன்னால் கோலப்பனின் கை சும்மா இருக்காது. அழுத கண்ணோடு பரீட்சை ஹாலுக்குப் போகிறவள் என்ன எழுதுவாள்?

கூடத்திலிருந்து கணவர் பகவதிப்பெருமாளின் குரல் வந்தது. "நாச்சியாரே... காலம்பற ஒரு சண்டை வேண்டாம். செய்ததுக்கு மாப்புக் கேட்டுட்டுப் போ."

செய்தாயா என்று அவர் கேட்கவில்லை. அவர் தலை நிமிர்வதற்காக அவள் காத்திருந்தாள். நியூஸ் பேப்பரின் பக்கம் மட்டும் புரண்டது.

"நான்தான் செய்தேன்," என்றாள் நாச்சியார். "பொறுத்துக்கோ பொன்னம்மை. பிள்ளையைச் சாப்பிட வச்சு அனுப்பு."

"இனி எம் பிள்ளைக்க பக்கத்துல வரப்பிடாது!" பொன்னம்மை அட்டைகளைப் பெருக்கிக் குப்பைக் கூடையில் தள்ளினாள்.

கோலப்பன் மகளை ஸ்கூட்டரில் ஏற்றிப் போனான். பகவதிப்பெருமாளும் சாலை பஜாரில் இருக்கும் அரிசிக் கடைக்குக் கிளம்பினார். அதன்பிறகு அந்த வீட்டில் குழாய்ச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அடுப்பின் இரு பக்கமும் இரண்டு பெண்கள், முகம் பார்க்காமல் சமைத்தார்கள்.

மதியம் அண்ணன் தம்பி இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது ஸ்ரீப்ரியா ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"எப்படி மக்களே எழுதினே?" என்றான் கோலப்பன்.

அவள் பதில் சொல்லாமல் அறைக்குள் போய், மடித்த தாளொன்றைக் கொண்டுவந்து அப்பாவின் தட்டருகே வைத்தாள். 13. சுற்றிலும் சிவப்பு வட்டம்.

"மாடல் பேப்பர். ஒளிச்சு வச்சிருந்தேன். அந்தச் சீட்டுல உள்ள தப்பெல்லாம் என் தப்பு... ஒத்துப் பாருங்க."

கோலப்பன் தாளைப் புரட்டினான்.

"கொஸ்டின் பேப்பரை வாசிக்கவே முடியலை. பெரியம்மா 'நான்தான் செய்தேன்'னு சொன்னதுதான் காதுல கேட்டுது. பொறவுதான் எழுதினேன்... நாலு எடத்துல பழைய தப்பையே எழுதப் போயி கை நின்னுது. காலம்பற சொல்லப் பயமாயிருந்து பெரியம்மா..."

கோலப்பன் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். நாச்சியார் குறுக்கே வந்து நின்றாள்.

"கையைக் கீழே போடு. இன்னும் கணக்குப் பரீட்சை இருக்கு."

பொன்னம்மை அடுப்படிக்கு ஓடினாள். தேங்காய் நாருக்கும் காப்பிச் சக்கைக்கும் நடுவிலிருந்து ஈர அட்டைகளைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்துத் துடைத்து அழுதாள். திரும்பி வந்து ஓரகத்தியைக் கட்டிக்கொண்டாள். "என்னை ரெண்டு அடி அடிங்கக்கா... ஐயோ, அடிச்சிருங்க!"

நாச்சியாரின் கைகள் தொங்கியபடியே இருந்தன. வெகு நேரம் கழித்து ஒரு கை மட்டும் அவள் முதுகைத் தொட்டது.

"உன் பிள்ளைக்காகப் பயந்தே. அது எனக்கு மனசிலாகுது. ஆனா ஜெயந்தைச் சொன்னியே... அது மறக்காது பொன்னம்மை."

பகவதிப்பெருமாள் தொண்டையைச் செருமினார். "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்பிடாதா?"

நாச்சியார் அவரைப் பார்த்தாள். அவர் கை சோற்றிலேயே காய்ந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் ஒரு முழு வட்டம் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எழும்புங்க," என்றாள். "பிள்ளை படிக்கதுக்கு இந்த மேசை வேணும்."

இருபத்து நான்கு வருடத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் எழுந்தார். எங்கே போவது என்று தெரியாதவர் போல எச்சில் கையோடு நின்றார். நாச்சியார் அவரைச் சுற்றிக்கொண்டு போய், மேசையைத் துடைத்து, ஸ்ரீப்ரியாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.