வாரேன் என்ற வரி

யாருமில்லாத அறையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த சத்தம் கேட்டது. செல்லக்கனி திரும்பவில்லை. திரும்பினால் பயம் வரும், பயம் வந்தால் வேலை கெடும், வேலை கெட்டால் மேனேஜர் வைகுண்டராஜ் சொன்னது நடந்துவிடும்.

ஆடிப்பூரத் தேர் பார்க்க ராஜபாளையம் மில்லின் ஆபீஸே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான அவள் மட்டும் இங்கே, ஏசியின் முனகலுக்கும் சுவருக்கு அப்பால் ஓயாமல் இரையும் நூற்பு மெஷின்களுக்கும் நடுவே, பஞ்சுத் தூசியும் சூடேறிய வயர் வாசனையும் மூக்கில் ஏற, கம்ப்யூட்டர் அறையின் ஆறு டெர்மினல் திரைகளில் ஒன்றை முறைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளாகவே கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று படுத்துக்கொண்டது. பழி முழுக்க அவள் எழுதிய ஷிப்ட் புரோகிராம் மேல்.

"நாளைக்குள்ள தப்ப ஒத்துக்கிடும்மா. இல்லாட்டி பஞ்சுக் குடோனுக்கு டோக்கன் எழுதப் போயிரு," என்றிருந்தார் வைகுண்டராஜ்.

"என் புரோகிராம்ல இல்ல சார். அதுக்கு அடியில, ஆபரேட்டிங் சிஸ்டத்துலயே தப்பு இருக்கு."

"அது காசிராஜன் திருத்துனது. எம்புட்டு வருசமா ஓடுது! செத்தவன் மேல பழி போடாத."

எந்நேரமும் புகையிலை மெல்லும் வத்திராயிருப்புக் காசிராஜன், கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதை மில்லுக்குத் தோதாக மாற்றியவர். ஒரு சாயங்காலம் "வாரேன்" என்று கிளம்பிப் போனவரை வழியில் லாரி அடித்துவிட்டது.

செத்துப்போனால் செய்த தப்பும் சரியாகிவிடுமா? செல்லக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரி வரியாகக் கீழே இறங்கினாள். கடைசியில், வேலை முடித்து ஆள் வெளியேறும் இடத்தில் தப்பு அகப்பட்டது.

அங்கே விடைபெறும் சொல்லாக அவர் 'வாரேன்' என்று போட்டிருந்தார். கிளம்பும்போது போறேன் என்று இந்தப் பக்கம் யார் சொல்வார்கள்? விளையாட்டு அதோடு நிற்கவில்லை. வாரேன் என்றவன் திரும்பி வருவானே என்று, அவன் இடத்தைக் காலி செய்யும் வரியையும் எடுத்திருந்தார். அன்றிலிருந்து வெளியேறியவர்கள் எல்லோரும் உள்ளேயே இருந்தார்கள், கம்ப்யூட்டரை அணைத்தாலும் அழியாமல். உள்ளே இடம் நிரம்பித்தான் அது படுத்தது.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரிடம் தட்டிக் கேட்டாள். பெயர்கள் ஓடின. காசிராஜன். காசிராஜன். காசிராஜன். பிறகு மற்றவர்கள். கடைசியில் தினந்தோறும் வெளியேறிய அவளே. செல்லக்கனி. செல்லக்கனி.

புகையிலை வாசனை அடித்தது. பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. கழுத்தருகே மூச்சு.

காசிராஜன் பெயரை அழித்தாள். திரையில் தானாக எழுத்து விழுந்தது.

வாரேன்.

மறுபடி அழித்தாள்.

வாரேன்.

பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

"வர வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் உரக்க. "நீங்க செஞ்ச தப்புக்கு நான் குடோனுக்குப் போக மாட்டேன். நீங்க போங்க!"

மூச்சு நின்றது. வாசனை போனது. பெயரும் போனது.

அவர் எடுத்திருந்த வரியைத் திரும்பச் சேர்த்தாள். மற்றவர்கள் பெயர்களையும் துடைத்தாள். தன் பெயரை மட்டும் அப்படியே விட்டாள், வைகுண்டராஜ் நாளைக்குக் கண்ணால் பார்க்கட்டும் என்று. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டுமென்றே சொன்னாள்.

"போறேன்."

"வாரேன்," என்றது உள்ளே ஒரு குரல்.

அவள் குரல்.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். ஆறு நாற்காலியிலும் ஆள். ஆறு சடை. ஒருத்தி நேற்றுக் கட்டிய மஞ்சள் சேலையில். இன்னொருத்தி முந்தாநாள் கட்டிய ஊதாவில். உட்கார இடமில்லாதவர்கள் சுவரோரம் நெருக்கியடித்து நின்றார்கள், என்றைக்கோ கட்டிக் கிழிந்துபோன சேலைகளில்.

செல்லக்கனி ஓடவில்லை. கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

"ஏட்டி, எந்திரிங்க. என் எடம் இது."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. மஞ்சள் சேலைக்காரி எழுந்தாள். முந்தானையால் நாற்காலியைத் துடைத்து, அவள் உட்கார இடம் விட்டாள். சுவரோரம் நின்றவர்கள் அவளைத் தாண்டிப் போய்க் கதவை உள்பக்கமாகச் சாத்தினார்கள்.