மூன்று மணிக்கே வீட்டுக்குப் போனவள்

மாலை 5.20. விருந்தாளியின் தங்கக் கடிகாரம் யூர்கிதாவின் பூட்ஸுக்குள் கிடந்தது. தேடி எடுத்தவர் ஓட்டல் மேலாளர் ஸ்டெய்னார். எடுத்த கையோடு போலீசுக்குப் போன் போட்டதும் அவரேதான்.

5.40. நார்வேயின் த்ரொம்சோ நகரக் காவல் நிலையத்துப் போலீஸ்காரி ராக்ன்ஃப்ரிட், ஊழியர்களுக்கான வாசல் வழியே நுழைந்து, தன் காலணியில் அப்பியிருந்த பனியைத் தட்டினாள். காலையிலிருந்து விடாத பனி. செருப்புப் பலகையில் இருந்த யூர்கிதாவின் பூட்ஸை எடுத்து உள்ளும் வெளியும் தடவிப் பார்த்தாள். சருகாய்க் காய்ந்திருந்தது.

யூர்கிதா லித்துவேனியாக்காரி. கூப்பிட்டால் மட்டும் வந்து அறைகளைச் சுத்தம் செய்பவள். இன்று அவளுக்கு மட்டும்தான் அழைப்பு. ரப்பர் செருப்போடு சுவரோரம் நின்றிருந்தாள். திருடி என்று பெயர் விழுந்தால் இந்த ஊரில் எந்த ஓட்டல் அவளைக் கூப்பிடும்?

விருந்தாளி சுருக்கமாகச் சொன்னார். "நாலு மணிக்குக் கடிகாரத்தை மேசையில கழட்டி வெச்சுட்டு, அறையைப் பூட்டிட்டு சவுனாவுக்கு, அதான் நீராவிக் குளியலுக்குப் போனேன். அஞ்சு மணிக்கு வந்தா காணோம்."

"இவளுக்கு வேலை எப்ப முடிஞ்சுது?" என்றாள் ராக்ன்ஃப்ரிட்.

"டாண்ணு மூணு மணிக்கு," என்றார் ஸ்டெய்னார். "வீட்டுக்குப் போயிட்டா. அப்புறம் திருடறதுக்குன்னே திரும்பி வந்திருக்கா."

"பொய் மேடம்!" யூர்கிதா வெடித்தாள். "தினமும் மூணு மணிக்குச் சாவி அட்டையைப் பிடுங்கிடுவாரு. அப்புறம் அவரே ஒவ்வொரு கதவா திறந்துவிடுவாரு, நாங்க அஞ்சு, ஆறு வரைக்கும் வேலை செய்வோம். அதுக்குக் காலணா கிடையாது. திங்கக்கிழமை தொழிலாளர் ஆய்வாளர்கிட்ட போறேன்னு நேத்துதான் இவர்கிட்ட சொன்னேன்."

"கேட்டீங்களா கதையை? ஓவர்டைமாம்!" ஸ்டெய்னார் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். "வேலைக்காரங்களுக்கு மொத்தமே அஞ்சு சாவி அட்டை. மூணு மணியிலிருந்து அந்த அஞ்சும் இதோ இங்கேயே இருக்கு. மூணுக்கு மேல இங்க யாரும் வேலை செய்யலேங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"அஞ்சும் இங்கேயேவா? வேற சாவியே இல்லையா?"

"விருந்தாளியோட சாவியை விட்டா, என் கழுத்துல தொங்கறது மட்டும்தான்."

ராக்ன்ஃப்ரிட் அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். அவர் பல் விளக்காத வாயைத் தன் முகத்துக்கு நேரே திறந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

"அப்ப நாலு மணிக்குப் பூட்டின அறையை இவ எதை வெச்சுத் திறந்தா?"

ஸ்டெய்னாரின் கை கழுத்து அட்டைக்குப் போனது.

"இன்னொண்ணு. இந்தப் பனியில வெளியே போயிட்டு வந்த பூட்ஸ் இப்படிக் காஞ்சிருக்காது. இவ காலையில வந்ததுலேர்ந்து வெளியவே போகலை. அது உங்களுக்கும் தெரியும். வீட்டுக்குப் போனவளோட பூட்ஸை இங்க யாராவது தேடுவாங்களா? ஓவர்டைம் குடுக்கக் கூடாதுன்னு சாவியைப் பூட்டி வெச்சீங்க. அதனாலயே அந்த அறைக்குள்ள போக உங்க ஒருத்தரால மட்டும்தான் முடியும். கடிகாரத்தை எடுத்ததும் நீங்க, பூட்ஸுல போட்டதும் நீங்க."

ஸ்டெய்னாரின் கண்கள் ஏதோ கணக்குப் போட்டன. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சரி மேடம், கடிகாரம் என் வேலைதான். ஒத்துக்கறேன். ஆனா வேலை மூணு மணிக்கே முடிஞ்சுதுன்னு மட்டும் எழுதிக்கோங்க. இதுக்கு ஒரு அபராதம்னா கட்டித் தொலைச்சிடுவேன். ஓவர்டைம்னு எழுதினா அத்தனை பொண்ணுங்களுக்கும் அக்டோபர்லேர்ந்து காசு அழணுமே!"

சீ! திருடன் என்ற பெயரைவிட ஓவர்டைம் காசு பெரிதாகப் போய்விட்டது இந்த மனுஷனுக்கு. ராக்ன்ஃப்ரிட் யூர்கிதாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இன்னிக்கு எதுவரைக்கும் வேலை செஞ்சீங்க?"

"இன்னும் முடியல மேடம். மூணாவது மாடியில ரெண்டு படுக்கை பாக்கி."

"அது கிடக்கட்டும். உக்காந்து சொல்லுங்க, அக்டோபர்லேர்ந்து. மெதுவாவே சொல்லுங்க, சார் எங்கேயும் போகப் போறதில்லை."